தொட்டிக்கு நேரே விட்ட நங்கூரம்

அன்று குளச்சலில் எங்கள் ஆபீஸ் அறையில் நாங்கள் மூன்று பேர். ஒன்று நான், மரியதாசன். இரண்டாவது ஷீபா, தக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். வயர்லெஸில் யார் என்ன பேசினாலும் நேரம் போட்டு நோட்டில் எழுதுவது அவள் வேலை. மூன்றாவது அப்துல் காதர் பாய். கீழே கயிற்றுக் கடை அவருடையது, மாடி அறையை எங்கள் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டவரும் அவர்தான். கடலில் இழுவைப் படகில் ஐந்து பேர். செராங் பனியடிமை தூத்துக்குடிக்காரர், படகு அவர் கையில். அவருக்குக் கீழே இஞ்சின்காரன் ஒருவன், கயிறு பார்க்கிறவர்கள் மூன்று பேர். அந்தப் படகு பின்னால் கட்டி இழுத்து வந்த பார்ஜில் இரண்டு பேர். ராமநாதபுரம் பக்கத்து முனியசாமி, ஒடிசாக்காரன் பிகாஷ்.

மொத்தம் பத்துப் பேர். ஆளை எண்ணி முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கேட்டு முடித்த பிறகு எல்லோரும் ஒன்றுபோல, நடுவில் வேறு யாராவது பேசியிருப்பார்கள் என்று சொல்கிறார்கள். வேறு யாரும் இல்லை. அப்படி நடுவில் பேசியது இந்தப் பத்துப் பேரில் ஒருவரும் இல்லை.

பேய், ஆவி, செத்தவர் வருவது, இதெல்லாம் எனக்குக் கிடையாது. குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரையில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கட்டுமரத்துக்குப் போனேன். பிறகு ஷார்ஜாவில் இழுவைப் படகில் பதினாறு வருஷம். தண்ணீரில் மிதந்த உடல்களைத் தூக்கியிருக்கிறேன், ஒன்றல்ல, நாலு. ஒருவரும் திரும்ப வந்து என்னிடம் எதுவும் பேசினதில்லை. கடலில் சத்தம் கேட்டால் அதற்கு ஒரு கயிறோ காற்றோ தகரமோ காரணமாக இருக்கும். தேடினால் கிடைக்கும். நான் தேடிக் கண்டுபிடிக்காத சத்தம் இது ஒன்றுதான்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். படகு எப்போது கிளம்புவது, எவ்வளவு டீசல், யார் யார் ஆள், கடல் கெட்டால் எங்கே ஒதுங்குவது, இதைக் கரையிலிருந்து பார்ப்பவன் நான். ஆப்பரேஷன்ஸ் மேனேஜர் என்று கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கார்டில் உள்ள ஆங்கிலத்தை நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இந்தக் கரையில் ஆலப்புழையிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் எங்கே என்ன ஆழம், எங்கே ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அது தொழில்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம். கேரளத்தில் ஒரு வேலை முடிந்து காலி பார்ஜைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஜூனில் இழுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். நடுவில் இரண்டு நாள் கடல் அடங்கும் என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள், நானும் பார்த்தேன், அடங்கும்போலத்தான் இருந்தது. கிளம்பு என்று சொன்னேன். அது என் தவறு இல்லை. இன்னொன்று செய்தேன், அதுதான் என் தவறு.

பார்ஜுக்கு இஞ்சின் கிடையாது. பெரிய இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். முன்னால் ஒரு நங்கூரமும் அதற்குச் சங்கிலியும் உண்டு. சங்கிலியை நீளம் நீளமாகக் கணக்குச் சொல்வோம், ஒரு நீளம் என்றால் இருபத்தேழு மீட்டர். அந்தப் பார்ஜில் ஐந்து நீளம் இருந்தது. கேரளத்துப் பட்டறையில் பெயிண்ட் அடிக்க ஏற்றியபோது நாலு நீளம் தேய்ந்துபோய்விட்டது என்று போன் வந்தது. அறுத்துப் போடு, புதுச் சங்கிலி தூத்துக்குடியில் கிடக்கிறது, போய்ச் சேர்ந்த பிறகு மாட்டலாம் என்றேன். இழுத்துக்கொண்டு போகிற பார்ஜுக்கு நங்கூரம் எதற்கு, பரிசோதனைக்கு வருகிற ஆள் பார்ப்பதற்குத்தானே. நூறு பார்ஜ் இழுத்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். ஒரு நீளத்தோடு கிளம்பினார்கள். கம்பெனி முதலாளிக்குச் சொல்லவில்லை. பனியடிமைக்குச் சொன்னேன். பார்ஜில் நின்ற இரண்டு பேருக்கும் யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு மணி. இது பட்டப்பகலில் நடந்த காரியம், ராத்திரிக் கதை என்று நினைக்காதீர்கள். மழை அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அடங்கும் என்ற கடல் ஒரு நாளோடு முடித்துக்கொண்டது. காதர் பாய் சும்மா பேசிக்கொண்டிருக்க மேலே வந்தவர், நாற்காலியில் உட்காரவும் இல்லை, வயர்லெஸில் பனியடிமை வந்தார்.

"அண்ணாச்சி, கயிறு போச்சு."

"எங்க போச்சு?"

"அறுந்து எங்க விசிறியிலேயே சுத்திக்கிட்டு. இஞ்சின் நின்னுட்டு. நாங்க நங்கூரம் போட்டாச்சு, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. பார்ஜ் போவுது."

காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"தாசா, எனக்க கயிறா?"

"ஆமா பாய்."

"ரெண்டு மாசம் ஆவல்ல அது வாங்கி."

"கயிறு நல்ல கயிறு பாய். கடலு அதவிட நல்ல கடலு."

அவர் அதற்குப் பிறகு கீழே போகவே இல்லை.

நிலைமை இதுதான். இழுவைப் படகு குளச்சலுக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கிறது, நகர முடியாது. படகைத் தள்ளும் அடி விசிறியில் சுற்றிய கயிற்றை அந்தக் கடலில் இறங்கி அறுக்கவும் முடியாது. பார்ஜ் தெற்கு கிழக்காகப் போகிறது. ஜூன் மாத ஓட்டம் அப்படித்தான் இழுக்கும். போகிற வழியில் முட்டம் பாறைகள் இருக்கின்றன. மூன்று மணி நேரம், கூடினால் மூன்றரை. காலிப் பெட்டி அந்தப் பாறையில் இரண்டு தடவை அடித்தால் தகரம் மாதிரி கிழியும். மேலே நிற்கிற இரண்டு பேரை எடுக்க அங்கே யாரும் நெருங்க முடியாது.

கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டேன். கடலோரக் காவல் கப்பல் கிளம்பிவிட்டது, வந்து சேர நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, தூரம் அப்படி. முட்டத்தில் இருக்கும் என் மச்சினன் ஆன்றோவுக்குப் போன் செய்தேன். அவனிடம் நல்ல படகு உண்டு.

"அத்தான், துறைமுக வாசல்லயே கடலு ஒடையுது. நான் எறக்குனா என்ன எடுக்க நீங்க வேற படகு அனுப்பணும்."

"ஒரு வழியும் இல்லியா?"

"இருந்தா ஒங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசிட்டு நிப்பனா?"

அதுவும் சரிதான். அந்த நேரத்தில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வெளியே ஒரு படகும் கிடையாது. வழக்கமாக வயர்லெஸைத் திறந்தால் பத்துப் பேர் மீன் விலை பேசிக்கொண்டிருப்பார்கள், அன்று காலையிலிருந்து எங்கள் ஆட்களைத் தவிர ஒரு குரல் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முனியசாமியிடம் ஒரு கை வயர்லெஸ் இருந்தது. பார்ஜ் வேலைக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. எங்கள் கரைக்கு அவன் வந்ததே இல்லை, கேரளத்தில் ஏறியவன். குரலில் நடுக்கம் இருந்தாலும் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னான்.

"அண்ணே, நங்கூரத்த விட்ருவமா?"

"விடாத."

"ஏண்ணே?"

ஏன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் இருந்த இடம் என் கணக்கில் முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் ஆழம். கையில் இருப்பது இருபத்தேழு மீட்டர் சங்கிலி. விட்டால் தொங்கும், தரை தொடாது. அந்தப் பார்ஜில் மேலே இழுக்கிற விஞ்ச் ஓடாது, பிரேக்கைத் தளர்த்தினால் விழும், அவ்வளவுதான், ஒரு தடவை. தொங்கிக்கொண்டே போகிற நங்கூரம் மேட்டில் தட்டினால் அந்த இழுப்பிலேயே சங்கிலி அறுந்துவிடும். ஆழம் குறைகிற வரைக்கும் பொறுத்து, பாறைக்குக் கொஞ்சம் முன்னால் விட்டால் தரை தொடும். ஆனால் அங்கே அலை உடைகிற இடம், ஒரு நீளச் சங்கிலி அங்கே நூல் மாதிரி. ஐந்து நீளமும் இருந்திருந்தால் அப்போதே விடச் சொல்லியிருப்பேன், பார்ஜ் நின்றிருக்கும், நாங்கள் டீ குடித்திருப்போம்.

"பிகாஷுக்கு நீச்சல் தெரியாதுண்ணே," என்றான் முனியசாமி.

"ஒனக்கு?"

"கம்மாயில தெரியும்."

ஷீபா அதையும் எழுதினாள். நேரமும் தப்பாமல் போட்டாள். நல்ல பெண்.

"லைப் ஜாக்கெட்ட ரெண்டு பேரும் கெட்டியா கட்டுங்க," என்றேன். "நான் சொல்லுற வரைக்கும் பிரேக்குல கைய வைக்காண்டாம்."

"எப்பம்ணே சொல்லுவீங்க?"

"சொல்லுவேன்."

எப்போது என்று எனக்கே தெரியவில்லை. இப்படி மணி இரண்டைத் தாண்டியது. ஜன்னல் வழியே பார்த்தால் மழைதான் தெரிந்தது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இல்லை. முனியசாமி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டான். தண்ணீர் மேலே ஏறுகிறது என்றான், பிகாஷ் அழுகிறான் என்றான். பிறகு, தூரத்தில் வெள்ளையாகத் தண்ணீர் பொங்குகிறது என்றான். பாறையில் உடைகிற அலை அது. முக்கால் மணி நேரம் இருந்தது, கூடிப்போனால்.

"அண்ணே, விடுறேண்ணே. எனக்குப் பொறுமை இல்ல. பிகாஷ் பிரேக்கப் புடிச்சிட்டான்."

நான் பேசுவதற்காகப் பட்டனை அழுத்தப் போனேன். அழுத்தவில்லை. அதற்குள் ஒரு குரல் வந்தது.

"மக்கா, கைய எடு. இப்பம் போடாண்டாம்."

வயதான ஆள். கத்தவில்லை. திண்ணமான, அவசரம் இல்லாத குரல். வயர்லெஸில் வழக்கமாக வரும் இரைச்சல் ஒன்றும் இல்லாமல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. எங்கள் பேச்சு, நம் கரைப் பேச்சு, சந்தேகம் வேண்டாம்.

ஷீபா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். காதர் பாய் வயர்லெஸ் பக்கம் வந்து நின்றார்.

வயர்லெஸில் பேசுகிறவன் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், எந்தப் படகு என்று சொல்ல வேண்டும். அது சட்டம். ஆபத்து நேரத்தில் பெயர் சொல்லாமல் நுழைகிறவனை வெளியே போகச் சொல்வது என் வேலை. பட்டனை அழுத்தி, "யாரு பேசுது?" என்று கேட்டேன்.

அந்தக் குரல் எனக்குப் பதில் சொல்லவில்லை. முனியசாமியிடம்தான் பேசியது.

"கரையப் பாரு மக்கா. ஐஸ் கம்பெனித் தொட்டி தெரியுதா? அதுக்குப் பின்னால மலையில ஒரு பள்ளம் உண்டு. தொட்டி அந்தப் பள்ளத்துக்க நேரே வரட்டும். வந்த ஒடனே விடு. ஒத்த தடவையாக்கும்."

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் கரையில் கடலுக்குள் இடம் பிடிப்பது இப்படித்தான். கரையில் ஒரு அடையாளம், அதற்குப் பின்னால் மலையில் ஒரு அடையாளம், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்தால் இன்ன இடம். கணிச்சம் என்போம். நானும் பதினாறு வயதில் அப்படித்தான் வலை போட்டேன். இன்றைக்கு எல்லோரிடமும் ஜி.பி.எஸ் இருக்கிறது, யாரும் கணிச்சம் சொல்வதில்லை. அதனால் அந்தக் குரல் கணிச்சம் சொன்னபோது, ஏதோ ஒரு பழைய ஆள் கரையில் உட்கார்ந்து வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தெரிந்த பார் ஒன்று அங்கே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற பாறை மேடு. பார் இருந்தால் ஆழம் குறையும், குறைந்த சங்கிலிக்கும் எட்டும், நங்கூரம் மாட்டினால் இழுபடாது. இப்படி ஒரே வினாடியில் எல்லாம் யோசித்தேன், தொழில் செய்கிறவன் மூளை அப்படி ஓடும்.

அடுத்த வினாடியில்தான் அது உறைத்தது.

ஐஸ் கம்பெனித் தொட்டி கிடையாது.

மண்டைக்காட்டுக்கும் முட்டத்துக்கும் நடுவில் கடற்கரையில் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது உண்மை. நாலு காலில் நிற்கும் உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று அதற்கு இருந்தது. நான் ஷார்ஜா போவதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். தூண் வெடித்துவிட்டது என்று இடித்துத் தள்ளி வருஷம் பதினைந்து இருக்கும். இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வண்டி நிறுத்துகிறார்கள்.

இல்லாத தொட்டியை அடையாளம் சொல்கிறது குரல். அதை நம்பி அவன் காத்திருந்தால் பாறை வரைக்கும் காத்திருப்பான். வேண்டாம், அதைக் கேட்காதே என்று சொல்லப் பட்டனில் கை வைத்தேன்.

"தெரியுதுண்ணே," என்றான் முனியசாமி.

"என்ன தெரியுது?"

"தொட்டி. வெள்ளத் தொட்டி, நடுவுல நீலக் கோடு போட்டது. அதானே?"

நீலக் கோடு என்று அந்தக் குரல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தொட்டிக்கு நடுவில் நீலப் பட்டை இருந்தது, எனக்கு அது நினைவு வந்ததே அவன் சொன்ன பிறகுதான்.

"மலை தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுதுண்ணே. தொட்டி பள்ளத்துப் பக்கத்துல வந்துட்டு. இன்னும் கொஞ்சம்."

எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் மழையில் தெரு முனை தெரியவில்லை. அதற்கும் பின்னால் இருக்கும் வேளிமலை எங்கே தெரியப் போகிறது.

"அண்ணே, அவரு நம்ம ஆளா? நீங்க சொல்லுங்க. விடவா?"

இதுதான் கேள்வி. என்னிடம் கேட்டான். குரலிடம் கேட்கவில்லை. விடு என்று நான் சொல்லி அது பொய்த்துப்போனால் இரண்டு உயிருக்கும் நான்தான் பொறுப்பு. விடாதே என்று சொன்னாலும் நான்தான். சங்கிலியை அறுத்தவனும் நான்தான். ஷீபா பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி காத்திருந்தாள். காதர் பாய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு சொல்லுற மாதிரி செய்யி," என்றேன்.

அவர் என்று மரியாதையாகச் சொன்னேன். அது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

காத்திருந்தோம். ஷீபா எழுதின நேரத்தைப் பார்த்தால் ஒன்றரை நிமிஷம்தான். பிறகு அந்தக் குரல் இன்னொரு தடவை வந்தது. ஒரே சொல்.

"விடு."

வயர்லெஸில் சங்கிலி ஓடுகிற சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் உரசி ஓடும் சத்தம். எனக்குப் பழகின சத்தம், எப்போது முடியும் என்று தெரியும். ஒரு நீளம்தானே, சீக்கிரம் முடிந்தது. பிறகு பெரிய அடி ஒன்று. பிறகு காற்று.

"முனியசாமி."

பட்டனை மறுபடி அழுத்தினேன்.

"முனியசாமி, பேசு."

"நின்னுட்டுண்ணே," என்றான். "பார்ஜ் நின்னுட்டு."

காதர் பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று மத்தியானத்திலிருந்து அவர் உட்கார்ந்தது அப்போதுதான். "யாருடே அது?" என்றார்.

"தெரியல்ல பாய்."

"கூப்பிடு. ஒரு நன்றியாவது சொல்லு."

கூப்பிட்டேன். எங்கள் ஆபீசின் பெயரைச் சொல்லி, பேசியவர் யாரென்று சொல்லும்படி மூன்று தடவை கேட்டேன். பதில் வரவில்லை. நாலாவது தடவை கேட்டபோது பனியடிமைதான் வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க யாரத் தேடுதீங்க?"

"நடுவுல பேசினாரே, அவரத்தான்."

"நடுவுல யாரும் பேசலையே. நீங்களும் முனியசாமியும் பேசுனது கேட்டுது. நடுவுல நடுவுல ரெண்டு பேரும் சும்மா இருந்தீங்க. நான் செட்டு கெட்டுப்போச்சோன்னு தட்டிப் பார்த்தேன்."

பார்ஜுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிறது அவர் படகு. ஒரே சானல்தான். ஷீபாவுக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது, காதர் பாய்க்குக் கேட்டது, முனியசாமிக்குக் கேட்டது. அவருக்கும் அவர் படகில் இருந்த நாலு பேருக்கும் கேட்கவில்லை. வயர்லெஸில் அப்படி நடக்கும், கோணம் சரியில்லாவிட்டால் ஒருவருக்குக் கேட்கும் ஒருவருக்குக் கேட்காது என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அதை நம்பவும் செய்தேன்.

காவல் கப்பல் சாயங்காலம் வந்து பார்ஜுக்குப் பக்கத்தில் நின்றது. கடல் அடித்ததால் ஆளை இறக்க முடியவில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு விடிகிற வரைக்கும் காவல் நின்றார்கள், அவர்களுக்குப் புண்ணியம். பார்ஜ் ஒரு அடி நகரவில்லை. சங்கிலி ராத்திரி முழுக்க இரும்புக் கம்பி மாதிரி விறைத்து நின்றது என்று முனியசாமி சொன்னான். விடிந்தபோது காற்று விழுந்தது. பனியடிமையின் ஆட்கள் இறங்கி விசிறியில் சுற்றின கயிற்றை அறுத்தார்கள், இஞ்சின் ஓடியது, பார்ஜிடம் போனார்கள். நின்ற இடத்தை ஜி.பி.எஸ்ஸில் குறித்துக்கொள்ளும்படி பனியடிமையிடம் சொல்லியிருந்தேன். குறித்தார். பிறகு தன் விஞ்சில் மாட்டி நங்கூரத்தை மேலே எடுத்தார்.

"அண்ணாச்சி, லேசா வந்துட்டு. மாட்டியிருந்த மாதிரியே தெரியல்ல."

"நங்கூரத்துக்க கொக்கி வளைஞ்சிருக்கா?"

"இல்ல. ஒரு பொட்டு சேறு இல்ல, கல்லுத் தூள் இல்ல. கழுவி வச்ச மாதிரி இருக்கு."

மேலே வருகிற வழியில் தண்ணீர் கழுவியிருக்கும் என்றேன்.

முனியசாமியையும் பிகாஷையும் முட்டத்தில் கரை சேர்த்தோம். பிகாஷ் பிரேக்கைப் பிடித்துக் குனிந்திருந்தான், கரைப் பக்கம் பார்க்கவே இல்லை, அவனைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. முனியசாமியை நானே பைக்கில் ஏற்றிப் பழைய ஐஸ் கம்பெனி இருந்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். ஒன்றும் சொல்லாமல் நிறுத்தினேன். இறங்கி நின்று கடலைப் பார்த்தான், மலையைப் பார்த்தான்.

"இங்கதான இருந்துச்சு," என்றான்.

"எது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே நாகர்கோவிலில் பஸ் ஏறினான். இப்போது ஊரில் ஆடு வளர்க்கிறான். எப்போதாவது போன் செய்வான், பிள்ளைகளைப் பற்றிச் சொல்வான், அதைப் பற்றி மட்டும் பேச மாட்டான்.

தூத்துக்குடியிலிருந்து எனக்கு மேலே இருக்கும் கம்பெனி கேப்டன் கூப்பிட்டார். நான் சங்கிலியை அறுத்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன், வாங்க வேண்டியதுதான். பிறகு ஷீபாவின் நோட்டை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள்.

"யாரென்று தெரியாத குரல்னு எழுதியிருக்கியேம்மா."

"தெரியலையே சார். வேற என்ன எழுத?"

"மரியதாசன், ஒரு நீளச் சங்கிலி அந்த ஆழத்துல எப்படிப் பிடிச்சுது?"

"பார் ஏதாவது இருக்கும் சார்."

"ஆழம் போட்ட சார்ட்ல இல்லையே."

"சார்ட்ல இல்லாத பாரு எங்க கடல்ல நெறைய உண்டு சார்."

உறுதியாகத்தான் சொன்னேன். அன்று முதல் ஐந்து நீளச் சங்கிலி இல்லாமல் ஒரு பார்ஜும் என் கையால் கிளம்பினதில்லை. ஒரு அரை நீளம் குறைந்ததற்கு முதலாளியிடமே சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பாடம் போதும், மற்றது எனக்கு எதற்கு என்று விட்டிருக்கலாம். விட முடியவில்லை. பேசினவர் யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பார் இருக்கிறது என்று தெரிந்தால் போதும் எனக்கு. பார் இருந்தால் பேசினவர் நம்மைப்போல் ஒரு ஆள்.

கடியபட்டணத்திலும் முட்டத்திலும் வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். தொட்டியைப் பள்ளத்துக்கு நேரே பிடித்தால் என்ன பார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எண்பது வயது ஒருவர் மட்டும் சிரித்தார்.

"அங்க ஏது பாரு மக்கா? வெறும் சேறாக்கும். அந்தக் கணிச்சத்துல எவனும் வல போட மாட்டான்."

செப்டம்பரில் கடல் அடங்கின பிறகு ஆன்றோவின் படகில் போனேன். அந்த ஜி.பி.எஸ் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். எக்கோ சவுண்டர் காட்டிய ஆழத்தை நான் நம்பவில்லை, மெஷின் பொய் சொல்லும். கயிற்றில் ஈயக் கட்டி கட்டிக் கையால் இறக்கினேன். கை இரண்டையும் விரித்தால் ஒரு பாகம், அதுதான் எங்கள் அளவு. பார்ஜின் தளத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் மூன்று மீட்டர் போக, சங்கிலி தண்ணீருக்குள் இறங்கியிருக்கக் கூடியது பதின்மூன்று பாகம்.

எண்ணிக்கொண்டே இறக்கினேன். பதின்மூன்று வந்தது, ஈயம் தரை தொடவில்லை, கயிறு தளரவில்லை. ஆன்றோ என்னைப் பார்த்தான். மேலும் விட்டேன். சுற்றி நாலு பக்கமும் நகர்த்தி இறக்கினேன், எங்கும் மேடு இல்லை, ஈயத்தில் ஒட்டி வந்தது சேறுதான். அடுத்த வருஷமும் போனேன், அதற்கு அடுத்த வருஷமும் போனேன். மூன்று தடவையும் ஒரே எண்ணிக்கை.

இருபத்தொரு பாகம்.